மினரலா, சிந்தெட்டிக்கா? பைக்குக்கு ஆயில் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆயில் மாற்றப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, “மினரல் வாங்கட்டுமா, சிந்தெட்டிக் வாங்கட்டுமா?” வரிசைப்படி பார்த்தால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் கிரேடு, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்ட 10டபிள்யூ30, 20டபிள்யூ50 என்று டப்பாவில் பெரிதாகப் போட்டிருக்கும் எண். அடுத்து ஜாசோ முத்திரை, அதாவது பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தர அடையாளம். இவை இரண்டும் வண்டிக்குப் பொருந்தாவிட்டால் ஆயிரம் ரூபாய் சிந்தெட்டிக்கும் வீண். பொருந்தினால் 400 ரூபாய் மினரலே பல வண்டிகளுக்குத் தாராளம்.

ஜாசோவிலிருந்தே தொடங்கலாம், அதிகம் கெடுவது அங்கேதான். காரில் இன்ஜின் ஆயில் இன்ஜினுக்கு மட்டும்; கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில், கிளட்ச் காய்ந்தே இருக்கும். நம் ஊரில் ஓடும் கியர் பைக்குகளில் அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே ஆயில்தான் மூன்று வேலையையும் பார்க்கிறது. பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுக்க வேண்டும், கியர் பற்களின் நசுக்கலைத் தாங்க வேண்டும், அதே ஆயிலில் ஊறிக் கிடக்கும் கிளட்ச் பிளேட்டுகள் வழுக்காமல் பிடிக்கவும் வேண்டும். மைலேஜ் கூட்டுவதற்காகக் கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் போடுகிறார்கள். 0டபிள்யூ20, 5டபிள்யூ30 மாதிரி மெல்லிய கார் ஆயில்களில் இது சகஜம். காருக்கு நல்லது, பைக் கிளட்சுக்கு ஆகாது.

இதற்காகவே ஜப்பானில் 1998-ல் பைக் ஆயிலுக்கென்று ஜாசோ டி903 என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். டப்பாவின் பின்பக்க லேபிளில் சின்னக் கட்டம் இருக்கும். மேலே ஒரு குறியீட்டு எண், கீழே எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2, எம்பி என்பவற்றில் ஒன்று. கிளட்ச் ஆயிலில் ஊறும் பைக்குக்கு எம்ஏ வகை. அதில் எம்ஏ2 அதிகப் பிடிப்பு உள்ளது. எம்பி கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு, ஏனென்றால் அதன் கிளட்ச் பெல்ட் பக்கம் காய்ந்தே இருக்கிறது. எம்ஏ ஆயிலை ஸ்கூட்டருக்கு ஊற்றினால் பெரிதாக ஒன்றும் ஆகாது, மைலேஜ் கொஞ்சம் குறையலாம். எம்பி ஆயிலை பைக்குக்கு ஊற்றினால்தான் கிளட்ச் ஸ்லிப், அதாவது பிளேட்டுகள் பிடிக்காமல் வழுக்கும். வீட்டில் ஸ்கூட்டரும் பைக்கும் இரண்டும் இருந்து, மிச்சம் இருக்கிறதே என்று மாற்றி ஊற்றுவதில்தான் இந்தக் கோளாறு அடிக்கடி வருகிறது. இரண்டு டப்பாவிலும் 10டபிள்யூ30 என்றே போட்டிருக்கும், எம்பி என்ற எழுத்து கண்ணில் படாது.

கிரேடில் நம் மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் கேட்கிறது என்று வண்டி வந்தால், “கெட்டி ஆயில் ஊத்திடலாம், சத்தம் அடங்கிடும்” என்று ஸ்ப்ளெண்டருக்கு 20டபிள்யூ50 ஊற்றுவார்கள். சத்தம் அடங்கும்தான். ஆனால் ஹீரோவும் ஹோண்டாவும் அந்தச் சின்ன இன்ஜின்களுக்கு 10டபிள்யூ30 சொல்வது சும்மா இல்லை. அந்த ஆயில் பம்பும் வழிகளும் இடைவெளிகளும் அந்த அளவு நீர்த்த ஆயிலுக்குப் பொருத்தியவை. 100 டிகிரி சூட்டில் 30 கிரேடு ஆயிலின் குழகுழப்பு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள், 50 கிரேடு 16.3-க்கு மேல். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளில் ஹெட்டில் இருக்கும் கேம் ஷாஃப்டுக்குக் கெட்டி ஆயில் ஏறத் தாமதமாகும்; தேய்மானம் அங்கே கூடும். டேப்பெட் சத்தத்துக்கு மருந்து ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து வால்வ் இடைவெளியைச் சரிசெய்வது, ஆயிலைக் கெட்டியாக்குவது அல்ல.

எண்ணில் டபிள்யூ-க்குப் பின்னால் இருப்பது இந்தச் சூட்டுக் கிரேடு; முன்னால் இருப்பது குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு. 10டபிள்யூ மைனஸ் 25 டிகிரியில் சோதிக்கப்படுகிறது, 20டபிள்யூ மைனஸ் 15-ல். ஊட்டியில் ஜனவரி விடியற்காலையிலும் அந்தக் குளிர் வராது. ஆகவே “சிந்தெட்டிக் குளிரில் சுலபமாக ஸ்டார்ட் ஆகும்” என்ற விளம்பரம் லடாக் போகிறவருக்குப் பொருந்தலாம். மதுரைக்காரர் அதற்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. நமக்கு சிந்தெட்டிக்கால் லாபம் இருந்தால் அது சூட்டில்தான்.

சிந்தெட்டிக் என்றால் என்ன? எல்லா ஆயிலிலும் பெரும்பங்கு அடிப்படை எண்ணெய், மீதி சேர்மானங்கள். அடிப்படை எண்ணெயை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பவை, அவைதான் மினரல். மூன்றாவதும் கச்சா எண்ணெயிலிருந்து வருவதுதான், ஆனால் ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகப் பதப்படுத்தி மூலக்கூறுகளையே மாற்றிவிட்டது. நான்காவது பிஏஓ, ரசாயன முறையில் கட்டி உண்டாக்குவது. ஐந்தாவதில் எஸ்டர் முதலியவை. மூன்றாம் வகையை சிந்தெட்டிக் என்று சொல்லி விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் தகராறு வந்து, 1999-ல் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு சொல்லலாம் என்று தீர்த்தது. அதனால் இன்று ‘ஃபுல்லி சிந்தெட்டிக்’ டப்பாவுக்குள் மூன்றாம் வகையே இருக்கலாம். அது மட்டமான சரக்கு அல்ல, தெரு வண்டிக்கு அது போதும். ‘செமி சிந்தெட்டிக்’ என்பதில்தான் கவனம் வேண்டும். எத்தனை சதவீதம் கலக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஒரு கம்பெனியின் செமி இன்னொன்றின் செமி ஆகாது.

சூட்டுக் கணக்கு இதுதான். ஆயில் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போகும் வேகம், சூடு 10 டிகிரி கூடினால் தோராயமாக இரண்டு மடங்காகும். அக்னி நட்சத்திரத்தில் கிண்டி சிக்னலில் நின்று நின்று போகும் ஏர் கூல்டு வண்டிக்கு எதிர்க்காற்றே கிடையாது. ஆயில் சூடு ஏறிக்கொண்டே போகும். மினரலின் லேசான பகுதி ஆவியாகி அளவு குறையும், மீதி கெட்டித்துக் கருத்து வார்னிஷ் மாதிரி ஒட்டும். சிந்தெட்டிக் இதை நன்றாகத் தாங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு முதல், இரண்டாம் கியரிலேயே ஏறும் வண்டிக்கும் இதே நிலைதான்.

இரண்டாவது லாபம் கியரில். 20டபிள்யூ50 மாதிரி அகன்ற கிரேடுகளில் குழகுழப்பைத் தக்கவைக்க நீளச் சங்கிலி போன்ற பாலிமர்களைச் சேர்க்கிறார்கள். கியர் பற்களுக்கு நடுவே அகப்பட்டு அவை அறுந்துபோகின்றன. 50 ஆக உள்ளே போனது 40 ஆகிவிடும். ஆயில் மாற்றிய புதிதில் வெண்ணெயாக விழுந்த கியர், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ‘டக்’ என்று முரண்டு பிடிப்பதற்கும், நியூட்ரல் கிடைக்காமல் படுத்துவதற்கும் இது முக்கியக் காரணம். சிந்தெட்டிக் அடிப்படை எண்ணெய் தானாகவே சூட்டில் அதிகம் நீர்க்காது. பாலிமர் குறைவாகப் போட்டால் போதும், அறுபடுவதும் குறைவு. ஆயில் மாற்ற வேண்டிய நேரத்தை நிறத்தை விட கியர் நன்றாகச் சொல்லும். நிறம் கறுப்பதற்கு வேறு காரணமும் உண்டு: கரியைக் கழுவி எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ஆயில் கறுக்கத்தான் செய்யும். நல்ல ஆயில் பழைய இன்ஜினில் 500 கிலோமீட்டரிலேயே கறுத்தால் அது ஏமாற்று அல்ல.

இனி எந்த வண்டிக்கு எது. ஸ்ப்ளெண்டர் வகை 100 சிசி வண்டிகளில் பலரும் யோசிக்காத ஒன்று, அதில் பேப்பர் ஃபில்ட்டர் கிடையாது. அடியில் ஒரு கம்பி வலை, கிளட்ச் பக்கம் சுழன்றுகொண்டே அழுக்கை ஓரத்தில் ஒதுக்கும் சென்ட்ரிஃபியூகல் ஃபில்ட்டர், அவ்வளவுதான். மிக நுண்ணிய இரும்புத் துகளும் கிளட்ச் பிளேட் தூசியும் ஆயிலிலேயே மிதக்கும். சிந்தெட்டிக் 10,000 கிலோமீட்டர் கெடாமல் இருக்கலாம், ஆனால் அழுக்கைச் சுமந்துகொண்டே இருக்கும். ஆகவே இந்த வண்டிக்கு விலை கூடிய ஆயிலை நீண்ட நாள் ஓட்டுவதைவிட, சரியான மினரலையோ செமியையோ கணக்காக மாற்றுவதே மேல். கையேடு 6,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவும் நடுவில் குறைந்ததை நிரப்பவும் சொல்கிறது. நிரப்புவது யார்? யாரும் பார்ப்பதில்லை. மொத்தமே ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயிலில் 200 மில்லி போய்விட்டால் மீதி ஆயிலுக்கு வேலையும் சூடும் கூடும். டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சியை, மாதம் ஒருமுறை பார்க்காதவர் 3,000-த்திலேயே மாற்றிவிடுவது நல்லது.

பணக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். வருடம் 12,000 கிலோமீட்டர் ஓடும் 100 சிசி வண்டி. மினரல் டப்பா 400, ஃபுல்லி சிந்தெட்டிக் 900 என்று வைத்துக்கொள்வோம். மினரலை 3,000-க்கு ஒருமுறை மாற்றினால் 1,600. சிந்தெட்டிக்கை 6,000-க்கு ஒருமுறை மாற்றினால் 1,800. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் 3,000-லேயே துகளும் வெளியேறிவிடுவதால் மினரல் ஜெயிக்கிறது. சிந்தெட்டிக்கை ஊற்றிவிட்டு பயத்தில் அதையும் 3,000-ல் மாற்றினால் 3,600. இதில் லாபம் கடைக்காரருக்கு மட்டும்.

பல்சர் 150-க்கு கம்பெனி சொல்வது 20டபிள்யூ50. பயணம் மிதமானால் மினரல் போதும், நெடுஞ்சாலையில் 90-க்கு மேல் நெடுநேரம் ஓட்டுபவர் செமிக்குப் போகலாம். ராயல் என்ஃபீல்டு 350-ன் புதிய ஜே வரிசைக்கு கம்பெனியே 15டபிள்யூ50 செமிதான் சொல்கிறது. சுமார் 2 லிட்டர், பேப்பர் ஃபில்ட்டர், மெதுவாகச் சுழலும் இன்ஜின், 10,000 கிலோமீட்டர் இடைவெளி. அந்த வண்டிக்கு மினரல் போட்டு 10,000 ஓட்டக் கூடாது. பழைய 373 சிசி 390 டியூக், யமஹா ஆர்15 போல வேகமாகச் சுழலும் லிக்விட் கூல்டு வண்டிகளில் பேச்சே இல்லை: டியூக்குக்கு 15டபிள்யூ50 சிந்தெட்டிக், ஆர்15-க்கு 10டபிள்யூ40. இவற்றில் மினரல் ஊற்றி மிச்சப்படுத்தும் ஐநூறு ரூபாய் மிச்சமே இல்லை.

எஸ்டர் கலந்த ரேஸ் ஆயில்கள் தனி ரகம். டிராக்கில் ஓட்டி அடிக்கடி மாற்றுபவருக்கு அருமை. எஸ்டர் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டிக்கு அதைப் போடுவதில் அர்த்தமில்லை.

வேலை முறையும் கணக்கில் வரும். உணவு டெலிவரி வண்டி மாதம் 3,000 கிலோமீட்டர் கூட ஓடும். இன்ஜின் எப்போதும் சூடாக இருப்பதால் ஈரம் சேராது. ஆனால் கிளட்சை அரைகுறையாகப் பிடித்தே ஓட்டுவதால் பிளேட் தூசி ஏராளம். இதற்கு 10டபிள்யூ30 செமி ஊற்றி 4,000-க்குள் மாற்றுவது சரி. இதற்கு நேர்மாறு, தினமும் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் இரண்டு கிலோமீட்டர் போகும் வண்டி. ஆயில் முழுச்சூடு ஏறுவதற்குள் வண்டி நின்றுவிடும். எரிந்த பெட்ரோலிலிருந்து வரும் தண்ணீர் ஆயிலிலேயே தங்கும். டிப்ஸ்டிக்கிலோ மூடியிலோ பால் போன்ற நுரை தெரிந்தால் அதுதான். சிந்தெட்டிக் இதைத் தடுக்காது. சாதாரண மினரல் ஊற்றி, கிலோமீட்டர் எவ்வளவானாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றி, வாரம் ஒருநாள் அரை மணி நேரம் வெளியே ஓட்டிவந்தால் போதும்.

பழைய வண்டியில் சிந்தெட்டிக் ஊற்றினால் ஆயில் ஒழுகும் என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. இன்றைய ஆயில்களில் சீல் சுருங்காமலும் ஊதாமலும் இருக்கச் சேர்மானம் உண்டு. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருட வண்டியில் ரப்பர் சீல் ஏற்கெனவே கட்டை தட்டிப் போயிருக்கும், அதன் விரிசலை அழுக்குதான் அடைத்துக்கொண்டிருக்கும். புது ஆயில் அந்த அழுக்கைக் கழுவினால் கசிவு தெரியவரும். அப்படி மாற வேண்டுமானால் முதலில் அதே கிரேடு மினரல் ஊற்றி 500 கிலோமீட்டரில் இறக்குங்கள், வலையையும் சென்ட்ரிஃபியூகல் ஃபில்ட்டரையும் துடையுங்கள், அதன் பிறகு சிந்தெட்டிக். கடையில் விற்கும் ஃப்ளஷ் திரவம் வேண்டாம். வடிந்தது போக உள்ளே தங்குவது புது ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஏற்கெனவே ஆயில் குடிக்கும் வண்டிக்கு சிந்தெட்டிக் காசைக் கரியாக்குவது. முறுக்கும்போது நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது போர், காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் வந்தால் வால்வ் சீல். அந்தப் பணத்தை அதற்கு வையுங்கள். வழியில் அளவு குறைந்து அதே பிராண்டு கிடைக்காவிட்டால், அதே கிரேடில் எம்ஏ உள்ள எதையும் நிரப்பலாம். மினரலும் சிந்தெட்டிக்கும் கலந்தால் திரிந்துபோகாது. சிந்தெட்டிக்கின் சிறப்பு குறையும், அவ்வளவே.

மாற்றும் முறையில்தான் நல்ல ஆயிலும் கெடுகிறது. ஐந்து நிமிடம் ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்கி, சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வடித்தால் உள்ளே கணிசமாகத் தங்கும். மேல் மூடியைத் திறந்தபின் டிரெய்ன் போல்டைக் கழற்றி, நூலாக வடிந்து சொட்டு நிற்கும் வரை பத்து நிமிடம் விடுங்கள். போல்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள், சில ரூபாய்தான். போல்டை இறுக்கும் அளவு பெரும்பாலான சின்ன வண்டிகளில் 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள், சரியான எண் கையேட்டில் இருக்கும். நீளக் கைப்பிடி ரெஞ்சை வைத்துக் காலால் மிதித்து இறுக்குபவர்கள் இருக்கிறார்கள். அலுமினிய கேஸில் மரை போய்விட்டால் அதைச் சரிசெய்யும் செலவு பல ஆயில் மாற்றங்களுக்குச் சமம். பேப்பர் ஃபில்ட்டர் உள்ள வண்டியில் அதன் துளைப்பக்கம் எதைப் பார்த்து இருந்தது, ஸ்பிரிங் எந்தப் பக்கம் என்பதைக் கழற்றும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி வைத்தால் ஆயில் போகும் வழி அடைபட்டு இன்ஜின் சீஸ் ஆகும். அந்த மூடியின் ஓ-ரிங்கும் புதிது வேண்டும்.

ஊற்றும்போது டப்பாவை முழுக்கக் கவிழ்க்காதீர்கள். கையேட்டில் இரண்டு அளவு இருக்கும், இன்ஜினைப் பிரித்தால் ஒன்று, சாதாரணமாக மாற்றினால் ஒன்று. நமக்குச் சின்ன அளவுதான். நூறு மில்லி குறைவாக ஊற்றி, மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து வண்டியை நேராக நிறுத்திப் பாருங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் ஆயில் கூடுதலாக இருப்பதுபோலத் தெரியும். பல்சர் போன்றவற்றில் பக்கவாட்டுக் கண்ணாடியில் இரு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். அதிகம் ஊற்றினாலும் கேடுதான்: நுரைக்கும், பிரீதர் என்ற இன்ஜின் காற்றுப்போக்கிக் குழாய் வழியாக ஏர் ஃபில்ட்டரில் ஏறும், பிக்கப் மந்தமாகும்.

ஆயில் மாற்றியபின் கிளட்ச் ஸ்லிப் என்று சந்தேகம் வந்தால், நான்காவது கியரில் 40-ல் போகும்போது சட்டென்று முழுக்க முறுக்குங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் ஸ்லிப்தான். உடனே ஆயிலைத் திட்ட வேண்டாம், முதலில் கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். கேபிள் இறுக்கமாக இருந்தால் அரைக் கிளட்சில்தான் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். அது சரியாக இருந்து, டப்பாவில் எம்பியோ கார் ஆயிலோ என்று தெரிந்தால், வடித்துவிட்டு சரியான எம்ஏ2 மினரல் ஊற்றி 150 கிலோமீட்டர் ஓட்டி மறுபடி மாற்றுங்கள். பெரும்பாலும் பிடிப்பு திரும்பும். திரும்பாவிட்டால் பிளேட் மாற்ற வேண்டியதுதான்; புது பிளேட்டை ஓர் இரவு புது ஆயிலில் ஊறவைத்தே பூட்ட வேண்டும், காயவைத்துப் பூட்டினால் முதல் நாளே கருகும்.

போலி ஆயிலும் நிறையவே ஓடுகிறது. காயலான் கடைக்குப் போகும் நல்ல டப்பாக்கள்தான் அதற்கு மூலம். மூடியின் சீல் வளையம் உடையாமல் இருக்க வேண்டும், வாய்க்குள் ஃபாயில் ஒட்டியிருக்க வேண்டும், தொகுதி எண்ணும் தயாரித்த தேதியும் அழியாமல் அச்சாகியிருக்க வேண்டும். மெக்கானிக்கிடம் விட்டால் டப்பாவை உங்கள் கண் முன்னே திறக்கச் சொல்லுங்கள். வடித்த ஆயில் நம் சட்டப்படி அபாயக் கழிவு; சாக்கடையில் ஊற்றாமல், ஏதாவது பழைய கேனில் பிடித்து, மொத்தமாகச் சேர்த்து விற்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும் செயினுக்கு விடவும் கேட்பவர்கள் உண்டு; அதிலுள்ள துகள் செயினை அரைக்கும், செயினுக்குக் கொடுக்காதீர்கள். காலி டப்பாவின் லேபிளைக் கிழித்து, அடியில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுவிட்டுக் குப்பையில் போடுங்கள்.